செவிக்கு ஒரு ஒத்திகை

பெங்களூரில் ஒரு ஆபீசில் நான் கம்ப்யூட்டருக்குள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், எண்பதுகளிலேயே அந்த வேலை இருந்தது. விமானம் எப்படி மேலே ஏறினால் கீழே குடியிருக்கிற சனங்களுக்குச் சத்தமும் புகையும் குறையும் என்று புரோகிராம் எழுதித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். தப்பு எதுவானாலும் நிஜ விமானம் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

மொரப்பூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் தம்பி கிணற்றுக்குள் இறங்கி, கம்ப்ரஷர் வைத்துப் பாறையில் குழி போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதுக்கு எந்தப் புண்ணியவானும் புரோகிராம் எழுதவில்லை. செவிட்டு மாப்பிள்ளை வேண்டாமென்று இரண்டு பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக ஏரியூர்ப் பக்கம் ஒரு இடம் வந்தது, அவர்களும் எங்களைப்போல வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்கள்தான். இதுவும் போனால் அவனுக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று அப்பா அவன் எதிரிலேயே சொன்னார். கேட்காது என்கிற தைரியம்.

ஆபீஸ் புத்தி விடுமா? அவர்கள் வருவதற்கு முதல் நாளே வீட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒத்திகையில் அப்பாதான் பெண்ணின் தாய்மாமன். மாமன் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நாற்காலி போட்டோம், உதட்டைப் பார்த்தே தம்பி பதில் சொல்லிவிடுவான். புரியாவிட்டால் நான் முந்திக்கொண்டு பேசுவது என்று ஏற்பாடு. பஸ் ஹாரனுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடப் பழக்கினேன்.

"மெதுவாப் பேசுறதுதான் வராதுக்கா. பெரிய சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது" என்றான். வாரமெல்லாம் கம்ப்ரஷரோடு கிடப்பவன், உடம்பில் ஏறும் அதிர்வைச் சத்தமென்று நம்பிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் வீட்டார் வந்தார்கள். எல்லாம் பிசகாமல் நடந்தது. மாமன் இன்னொரு காப்பிகூடக் கேட்டார். அப்போது கோயிலில் உச்சிவேளை மணி அடித்தது. அந்த மணி கேட்டால் எங்கள் சனம் பேச்சை நிறுத்தி எழுந்து திரிகால ஜெபம் சொல்லும். மூச்சு விடுவதுபோலப் பழகிப்போனதால் ஒத்திகையில் யாருக்குமே அது தோன்றவில்லை.

எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். தம்பிக்குத் தெரிந்தது அது மட்டும்தான். இவர்களும் போகிறார்கள் என்று நினைத்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்க மாமா. யாரோ இல்லாததச் சொல்லிட்டாங்க. எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க" என்று கத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மாமன் கையை விடுவித்துக்கொள்ளாமலே ஜெபத்தை முடித்தார். சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏரோப்ளேன் சத்தத்தையே கொறைக்கிறீங்கன்னு சொன்னாங்க. தம்பிக்கு மொத்தமாவே கொறைச்சுட்டீங்க போலிருக்குதுங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளைக் கிணற்றில் தள்ளலாமென்று ஆத்திரம் வந்தது. அப்பாவோ மாமனுடைய செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு தம்பி என் முன்னால் வந்து நின்றான்.

"நான் என்னக்கா தப்பாச் சொன்னேன்?"

"கோயில் மணி அடிச்சுதுடா. அதான் எந்திரிச்சாங்க."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசலுக்குப் போய்க் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இப்பவும் அடிக்குதா?" என்று கேட்டான்.