காலையில் மட்டும் யோசிக்கும் வண்டி

“சார், வண்டி யோசிக்குது.”

பனிக்காலம் ஆரம்பித்த புதிதில், டிரைவர் ஆரோக்கியம் வந்து இப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் நான் ஒருத்தன் யோசிப்பது போதாதா... வாசலில் நிற்கிற பிக்கப் வண்டியுமா?

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலை எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, வண்டி போகவில்லை. பக்கவாட்டில் பாண்டிச்சேரி பஸ் வந்துகொண்டிருக்கிறது. மூன்று நான்கு விநாடி கழித்து ஓர் உதறு உதறிவிட்டு, சரி போகலாம் என்று கிளம்பியதாம்.

“காலையில மொத ரெண்டு கிலோமீட்டர்தான் சார். சூடாயிட்டா ஒண்ணுமே தெரியாது.”

காலையில் மட்டும் வருமாம். சூடானால் போய்விடுமாம். வேறு யாரும் பார்த்ததில்லையாம். இதை யார் நம்புவார்கள்? அதுவும் நான்?

நான் ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பேன். பூட்டு என்னிடம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. ஆனாலும்...

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நானும் என் மனைவியின் தம்பி சேகரும் சேர்ந்து வாங்கியது. மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துத் தோட்டங்களில் சாயங்காலம் வாழை இலைக் கட்டுகளை ஏற்றி வந்து, கடலூரில் என் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவோம். விடிகாலை ஐந்து மணிக்கு ஆரோக்கியம் சிதம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். அங்கே ஹோட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் முதல் பந்திக்கு முன்னால் இலை போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்கு லேட்டானால் அந்த மண்டபம் அப்புறம் நம்மைக் கூப்பிடாது.

முதலில் பெட்ரோல் பங்க் மீது சந்தேகப்பட்டேன். பங்க்கை மாற்றினோம். வண்டி தொடர்ந்து யோசித்தது... அதாவது, யோசித்ததாக ஆரோக்கியம் சொன்னார்.

அடுத்து யார் மீது சந்தேகப்படுவது? ஆரோக்கியம் மீதுதான். ஐம்பதை நெருங்குகிற மனிதர். நாலு வருஷமாக எங்கள் வண்டியை ஓட்டுகிறார். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கவிட்டிருப்பார். அதைத் தொட்டுவிட்டுத்தான் சாவி போடுவார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. டீசலை இறக்கிவிட்டு வேறு எதையாவது கலக்குகிறாரோ? நேரத்தில் எழுந்திருக்க முடியாமல் கதை விடுகிறாரோ? வண்டியை ஓட்டை வண்டி என்று பேர் பண்ணி, யாருக்காவது குறைந்த விலைக்கு முடித்துக் கொடுக்கப் பார்க்கிறாரோ? ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் டேங்க் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தேன். டீசல் வாசனைதான் வந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

சிதம்பரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. மூன்று முறை அவரிடம் காட்டினோம். கடலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நன்றாகச் சூடேறிப் போய் நிற்கிற வண்டி. அது எதற்கு யோசிக்கப் போகிறது? மூன்றாவது முறை ஆரோக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எனக்கு போன் போட்டார்.

“வண்டியில ஒண்ணும் இல்ல சார். ஓட்டறவரு கால்லதான் ஏதோ இருக்கு.”

சேகருக்கு இது போதுமானதாக இருந்தது. ஆளை மாற்றிவிடலாம், புவனகிரியில் ஒரு டிரைவர் ரெடியாக இருக்கிறார் என்றான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விஷயம் ஆரோக்கியத்தின் காதுக்குப் போய்விட்டது. அவருடைய சின்னப் பெண் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறது. இந்த வேலை போனால் வீடு ஆடிப்போகும். ஆனால் அவர் அதையெல்லாம் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஒரே ஒரு தரம் மெக்கானிக்க காலையில இங்க வரச் சொல்லுங்க சார். சாவி போடறதுக்கு முன்னாடி. அவரு கண்ணு முன்னால வண்டி யோசிக்கலன்னா, நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

மெக்கானிக்குக் கடலூரில்தான் மாமனார் வீடு. ஒரு விசேஷத்துக்கு வந்து தங்கியவர், மறுநாள் காலை ஐந்து மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அமாவாசை.

நாலரை மணிக்கே சேகர் ஒரு பையோடு வந்துவிட்டான். “கண்ணு ஜாஸ்தி மாமா இந்த வண்டிமேல” என்றான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். பழம் நசுங்க வேண்டுமென்றால் வண்டி நகர வேண்டுமே? இன்ஜினைப் போட்டு, கிளட்சைத் தளர்த்தி, முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் உருட்டினான். என் மனைவி கற்பூரத் தட்டோடு வந்தாள். கற்பூரம் காட்டும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சேகரின் சொந்தச் சட்டம். அப்புறம் பூசணிக்காய் சுற்றினான். எல்லாம் முடிந்து இன்ஜினை நிறுத்தும்போது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானும் பயபக்தியோடு கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஐந்துக்கு ஆரோக்கியம் வந்தார். பின்னாலேயே மெக்கானிக் வந்தார். இருவரும் ஏறி மெயின் ரோடு வரை போய்த் திரும்பினார்கள். வண்டி வெண்ணெயாகப் போயிற்று. இன்னொரு முறை போனார்கள். அப்போதும் அப்படியே.

ஆரோக்கியம் இறங்கினார். ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

“வெயில் ஏறறதுக்குள்ள அனுப்பிடுங்க சார். எல வாடிடும்.”

அவ்வளவுதான். நடந்து போய்விட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு திருப்தி. நாம் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்கிற அற்பத் திருப்தி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சேகருக்கோ ரெட்டைச் சந்தோஷம். ஆரோக்கியம் சொன்னது பொய். தவிர, எலுமிச்சம்பழம் வண்டியைச் சரி பண்ணிவிட்டது. யோசித்துப் பாருங்கள்... பழம் சரி பண்ணியது என்றால், முன்பு கோளாறு இருந்தது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அந்த மனிதர் சொன்னது நிஜம்தானே? எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு இது மட்டும் உறைக்கவே இல்லை. நமக்கு வசதியான இடத்தில் சந்தேகம் வராது போலிருக்கிறது.

அன்றைக்கும் மறுநாளும் சேகரே வண்டி ஓட்டினான். மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எனக்கு போன். பின்னணியில் நாலைந்து ஹாரன் சத்தம்.

“மாமா... யோசிக்குது மாமா.”

லுங்கியோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி மெயின் ரோட்டில் பாதி ஏறி, குறுக்கே நின்றிருக்கிறது. ஒரு பஸ் இவனை ஒட்டி பிரேக் அடித்து நின்றிருக்கிறது. நான் போவதற்குள் வண்டி ஓரம் கட்டி, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. நான் பானெட்டின் மேல் கை வைத்தேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அதை அவர்களிடம் சொல்லாமல், நாங்களே நோயைத் துடைத்துவிட்டு டாக்டரிடம் காட்டியிருக்கிறோம். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்யுமே... அதே கதை. அதில் ஒரு மனிதரின் வேலை போய்விட்டது.

ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் உட்காரச் சொன்னார். தப்பு எங்கள் மேல்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “வரேன் சார்” என்றார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த ராத்திரி வண்டியை மெக்கானிக்கின் ஷெட்டிலேயே தூங்கவிட்டோம். காலையில், சாவி போடுவதற்கு முன், டீசல் வருகிற வழியில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றைச் செருகினார். இன்ஜினைப் போட்டதும் டியூபுக்குள் சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. பக்கத்திலேயே ஒரு ரப்பர் ஹோஸ். அதில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. குளிரில் இறுகிக் கிடக்கும்போது வெடிப்பு வழியாகக் காற்றை இழுக்கும்; டீசல் போதாமல் வண்டி திணறும். சூடானால் ரப்பர் இளகி, வெடிப்பு மூடிக்கொள்ளும். ஒரு சாண் ஹோஸ்!

“ஏர் இழுக்குது சார்” என்றார் மெக்கானிக், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு ஸ்பெஷல் டீ வாங்கி வந்து ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார்.

ஹோஸ் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. வண்டி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அந்தக் கண்டிஷன்? தினமும் காலை ஐந்து மணிக்கு என் வீட்டு காலிங் பெல் அடிக்கும். நான் எழுந்து போய் பானெட்டில் கை வைத்து, சில்லென்று இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் தெருமுனை வரை கூடவே நடந்து, வண்டி மெயின் ரோட்டில் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் படுக்கப் போகலாம்.

அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று இந்த வாரம் கெஞ்சியே பார்த்தேன்.

“இருக்கட்டும் சார். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா, நீங்களும்தான் பாத்தீங்க.”

நாலு முறை இழுத்துப் பார்க்கப்படுகிற பூட்டுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.