நாவற்குடா வீடு 2

அழித்தால் இடம் வரவேண்டும். இடம் வரவில்லையென்றால் ஒன்றும் அழியவில்லை. ஐம்பதைத் தாண்டிய நான், கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வீடியோ எடுத்தே வயிறு வளர்க்கிறவன், அன்று மத்தியானம் வரை இதை மனதார நம்பியிருந்தேன்.

நாவற்குடாவில் ஓர் அம்மா தவறியிருந்தார். ஒரே மகள் வெளிநாட்டில். விசாச் சிக்கலில் வரமுடியவில்லை. அவருக்காக நான் போனில் நேரலை விட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து சிக்னல் அறுந்தது. மறுநாள் அந்த மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், போன் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்.

“தம்பி, ஒண்டும் வெட்டாம முழுசாத் தாங்க. பெட்டி மூடக்குள்ள அம்மாட முகத்தை நான் பார்க்கல்ல.”

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் அனுப்புவதாகச் சொன்னேன். கமெராவில் மூன்று மணி நேரம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அதை லப்டொப்பில் இறக்கி, கமெராக் கார்டைத் துடைத்துக் காலியாக்கி, அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். வேலையைத் தொட்டது முப்பதாம் நாள் காலை. கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது என் வழக்கம். அதை எனக்கு யாரும் பழக்கித் தரவில்லை.

துண்டுகளை ஒட்டி ஒரே படமாக்கச் சொன்னதும் லப்டொப் இடமில்லை என்றது. சரி, பழசுகளை அழிப்போம் என்று மென்பொருளை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். லப்டொப் இருப்பது சாமித்தட்டுக்குக் கீழே. செத்தவர்களின் பெயரை அதில் எழுதக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. ஆகவே என் செத்த வீடுகளுக்கெல்லாம் ஊர்ப்பெயர்தான்: செட்டிபாளையம் வீடு, ஆரையம்பதி வீடு. நாவற்குடாவில் மட்டும் இரண்டு. நான்கு மாதம் முந்தி அதே ஒழுங்கையில் ஓர் ஐயா போயிருந்தார். அவர் ‘நாவற்குடா வீடு’. அம்மா ‘நாவற்குடா வீடு 2’.

செட்டிபாளையத்தை அழித்தேன். இடம் அசையவில்லை. ஆரையம்பதியை அழித்தேன். அதே இலக்கம். ஐயாவை அழித்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அது பழுதா, நீங்க பழுதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இந்தச் சாமான் ஒன்றையும் உண்மையில் அழிக்கவில்லை, எங்கேயோ ஒளித்து வைத்து என்னோடு விளையாடுகிறது. அழியாத ஒன்றை அழிக்க என்ன பயம்? கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கிற பொத்தானை வைத்து அமத்தினேன். பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், என் சொந்தக் கல்யாணம். ‘நாவற்குடா வீடு 2’ என்பதைக் கண்டபோது, அது ஐயாவின் எட்டாம் நாள் கிரியை என்று மூளை அடித்துச் சொன்னது. அதையும் அமத்தினேன்.

இலக்கம் அசையவில்லை. கடைசியில் மச்சானுக்குப் போன் எடுத்தேன். மனைவியின் தம்பி, டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். கதை முழுவதையும் கேட்டுச் சிரித்தான்.

“அத்தான், வயல் வட்டையில நிண்ட வெள்ளத்தையெல்லாம் ஆத்துக்க விட்டுட்டு, ஆறு ஏன் வத்தல்ல எண்டு கேட்கிறீங்க. முகத்துவாரத்து மண்ணை வெட்டினாத்தானே கடலுக்குப் போகும்? குப்பைக்கூடையைத் திறந்து, என்னென்ன கிடக்கெண்டு பாத்திட்டு, வெறுமையாக்குங்க.”

மூன்று வேலை சொன்னான். என் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான்.

வெறுமையாக்கினேன். வெள்ளம் வடிந்து றோட்டு தெரிகிற மாதிரி இடம் திறந்துகொண்டு வந்தது. எழும்பி ஒரு ஆட்டம் போட்டேன், வயிறும் சேர்ந்து ஆடியது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் நாளைய வேலைக்குக் கார்டு வேண்டுமே என்று, அதில் கிடந்த கல்யாணத்தை முழுசாக லப்டொப்பில் ஏற்றினேன். மறுகா சாவகாசமாக அம்மாவின் வேலையைத் திறந்தேன். திரை முழுக்கக் கோப்பு இல்லை என்கிற சிவப்பு. ஒரு துண்டுகூட இல்லை.

திரும்ப மச்சானுக்கு எடுத்தேன். “வெறுமையாக்கினதுக்குப் பிறகு ஒண்டும் ஏத்தல்லதானே, அத்தான்?” என்றான்.

“ஒரு கல்யாணம் ஏத்தினன்.”

அவன் சிரிக்கவில்லை. ஏற்றாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் தோண்டி எடுத்திருக்கலாம், இப்போது அந்தக் கல்யாணம் செத்த வீட்டுக்கு மேலேதான் படுத்திருக்கும், இனி ஒன்றையும் தொடாமல் கொண்டுவாருங்கள் என்றான். முகத்துவாரம் வெட்டியாயிற்று. போன தண்ணீரை நான் கரையில் நின்று கைதட்டிக் கூப்பிடவா?

லப்டொப் அவன் கடையில் கிடந்தபோதே முப்பத்தோராம் நாள் வந்தது. அக்கா எடுத்தார். செத்த வீட்டிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு நாலு பேரைச் சிரிக்க வைக்கிற என் வாயாலேயே நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

“அம்மாட முகம் கிடைக்குமா, தம்பி?”

“தெரியாதக்கா,” என்றேன்.

நான் வெறுமையாக்கும் வரை எல்லாமே கூடைக்குள் அப்படியே இருந்தன. ஒன்றும் அழியவில்லை என்று நான் நம்பியது அதுவரைக்கும் சரிதான். மச்சான் மூன்று நாள் தோண்டி, மூன்று மணி நேரத்தில் பதினொரு நிமிடம் எடுத்துத் தந்தான். முற்றத்துக் கதிரைகள், வெற்றிலைத் தட்டு, “கொஞ்சம் ஒதுங்குங்க, மறைக்குது” என்கிற என் குரல். பெட்டி மூடுகிற இடம் அதில் இல்லை. இருந்ததை அக்காவுக்கு அனுப்பினேன்.