சுவரைப் பார்த்த மின்விசிறி

ஜவ்வாது மலையில் ஆளில்லாத ஒரு தங்கும் விடுதிக்கு அவர் காவலாளி. மார்கழி மதியம் ஒன்றில், ஒடுகத்தூர் பஸ் வரும்வரை அவருடைய அறையில் உட்கார்ந்திருந்தேன். குல்லாவும் ஸ்வெட்டருமாக இருந்த மனிதர், மேசை மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்.

“இந்தக் குளிர்ல ஃபேன் எதுக்குங்க?” என்றேன்.

“காத்துக்கு இல்லீங்க, சத்தத்துக்கு.”

விமானம் தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தவராம். வேறொரு நாட்டுக்கு உழைத்துவிட்டு நம்மிடம் வந்து, அதற்கப்புறமும் பல வருஷம் ஓடிய கப்பல். மேலே விமானங்கள் ஏறி இறங்குவதை அவர் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கு வேலை கீழ்த்தளத்தில். அங்கே காற்றைத் தள்ளும் இயந்திரம் ராப்பகலாக இரைந்துகொண்டே இருக்குமாம்.

“அது நின்னா தூங்கறவன்கூட எழுந்துடுவான். ஆளாளுக்கு அவன் அவன் பாஷையில ‘இன்னாச்சு, இன்னாச்சு’ன்னு கேட்டுக்குவோம்.”

“இப்ப அந்தக் கப்பல் எங்க?”

“ஒடைச்சுட்டாங்க. கடைசியா இன்னொரு கப்பல்ல கட்டித்தான் இழுத்துட்டுப் போனாங்க. செல்லுல பாத்தேன்.”

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி வேகம் தேய்ந்து நின்றது. அவர் விருட்டென்று எழுந்து கதவைப் பார்த்தபடி நின்றார். யாரும் வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

‘இன்னாச்சு’ என்று நானாவது கேட்டிருக்கலாம்.