மச்சான் பிடித்த கயிறு

எங்கள் மூன்று பேரில் அந்தப் பந்தயத்தை முடித்தே ஆக வேண்டியவன் ஒருவன்தான். திரேஸ்புரத்துக்காரன், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற குளிகாரன். முந்தின பருவத்தில் இரண்டு காதிலும் ரத்தம் வந்து, ஒன்று முழுக்கப் போய்விட்டது, மற்றது பாதி கேட்கும். இனி ஆழத்துக்குப் போனால் திரும்பி வரமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். கடலை விட்டால் அவனுக்குத் தெரிந்தது மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஒன்றுதான். அதுவும் நான் வேலை பார்த்த பட்டறையில் வந்து உட்கார்ந்து பழகிக்கொண்டது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகப் பம்பாய் வரை போனேன், அங்கே ஒரு கிடங்கில் கிடந்தேன், உப்பு அளத்தில் மண் சுமந்தேன். எதிலும் நிலைத்ததில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த அந்த வருடம் தூத்துக்குடியில் செயின் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டறை முதலாளிக்கு மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வண்டிகள் மீது பைத்தியம். அவரைப் போல நாலைந்து பேர் சேர்ந்து ஆனி மாதத்தில் இந்தப் பந்தயத்தை வைத்தார்கள். கடற்கரையோடு உவரி வரை போய், செம்மணல் மேடுகளான தேரிக்காடு வழியாகத் திரும்ப வேண்டும். மூன்று பேர் ஒரு குழு, மூன்று நாள். தார் ரோட்டைக் குறுக்கே கடக்கலாம், அதில் ஓட்டக் கூடாது.

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுப் பட்டறைக்கு வந்தார். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களுக்கு அவருடைய உறவினர் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இந்த மணல்ல ஓட்டுறவன் அந்த மணல்லயும் ஓட்டுவான். ரோட்டுல ஏறாம முழுசா முடிச்சு வாரவங்கள்ல ரெண்டு பேரை நான் அனுப்பி வைக்கேன்" என்றார்.

குளிகாரன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். காது கேட்காததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். கடலில் இவனுக்குக் கயிறு பிடித்தவன். குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான், மேலே வள்ளத்தில் ஒருத்தன் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி இருப்பான். கீழே இருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் உடனே இழுக்க வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. அந்தக் கயிறு பெரும்பாலும் மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் இருக்கும். கூடப்பிறந்தவள் தாலி அறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பதுதான் கணக்கு. இவர்கள் இருவரும் பத்து வருடம் அப்படித் தொழில் செய்தவர்கள்.

முதல் நாள் அளங்கள். வரப்பில் முன்சக்கரம் வழுக்கினால் உப்புத் தண்ணீரில் விழ வேண்டியதுதான். விழுந்தோம். கை கால் சிராய்ப்பில் உப்பு ஏறி எரிந்தது. ஆற்று முகத்துவாரத்தில் வண்டிகளை வள்ளத்தில் ஏற்றிக் கடந்தோம், வள்ளத்துக்கு விதியில் தடை இல்லை. மணப்பாட்டுக்குப் பக்கத்தில் பனைகளுக்கு அடியில் படுத்தோம். விடிந்து பார்த்தால் வாய், மூக்கு, கார்புரேட்டர் எல்லாம் மணல்.

இரண்டாம் நாள் உவரியைத் தொட்டுத் தேரியில் ஏறினோம். மேல்காற்று செம்மணலை வாரி அடித்தது. டயரில் பாதிக் காற்றை இறக்கி, நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். உட்கார்ந்தால் பின்சக்கரம் புதையும். உள்ளங்கைத் தோல் உரிந்து கிளட்சில் ஒட்டியது. தொடை இடுக்கு புண்ணாகி, இறங்கி நடக்கும்போது கோழி மாதிரி நடந்தோம். பனையேறி ஒருவர் பதநீர் தந்தார்.

"யாருலே ஒங்கள வெரட்டுதா?" என்று கேட்டார்.

"யாரும் வெரட்டல அண்ணாச்சி. பந்தயம்."

"பந்தயமா! போலீசு வெரட்டுனாக்கூட நான் இங்கன வண்டி ஓட்ட மாட்டேன்லே."

குளிகாரனுக்கு அது கேட்கவில்லை. நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். மச்சான் அவன் முதுகில் தட்டி, "ஒன்னைத்தான் பைத்தியக்காரன்னு சொல்லுதாரு மாப்ள" என்று காதுக்குள் கத்தினான்.

"அரபு நாட்டுல போயி இறங்குன பெறகு சொல்லச் சொல்லு" என்றான் அவன்.

மூன்றாம் நாள் மதியம் முகத்துவாரத்துக்குத் திரும்பி வந்தோம். ஏழெட்டு வண்டிகள் வழியிலேயே நின்றுபோயிருந்தன. ஒரு குழு மட்டும் எங்களுக்கு முன்னால் வள்ளத்தில் கடந்துவிட்டது. அதன் பிறகு காற்று ஏறிவிட்டதால் வள்ளக்காரர்கள் எடுக்க மறுத்தார்கள். சாயங்காலம் அடங்கட்டும் என்றார்கள். பாலம் மேற்கே ஆத்தூரில் இருந்தது, அதுவும் தார் ரோடு. தண்ணீர் வற்றம், கடல் உள்வாங்கியிருந்த நேரம். இடுப்பளவுதான் இருக்கும், தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று மூன்று பேரும்தான் முடிவெடுத்தோம். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

கார்புரேட்டரில் துணியை அடைத்து, வண்டியின் கழுத்தில் கயிறு கட்டி, ஒருவன் முன்னால் இழுக்க ஒருவன் பின்னால் தள்ள, என் வண்டியையும் மச்சான் வண்டியையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். குளிகாரன் வண்டி கடைசி. அவன் பின்னால் நின்று தள்ளினான். மச்சான் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி இழுத்தான். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து என் வண்டியின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நடு ஆற்றில் சேறு ஆழம். வண்டி சாய்ந்தது. தாங்கப் பார்த்தவன் மேலேயே விழுந்தது. வலது கால் இஞ்சினுக்கு அடியில் மாட்டி, அவன் மல்லாந்து தண்ணீருக்குள் போனான். கை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கை கயிற்றைத் தேடிப் பிடித்து ஒரு வெட்டு வெட்டியது.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. கடலில் கயிறு பிடிக்கிறவன் தண்ணீரைப் பார்ப்பதில்லை. தலை குனிந்து, கால் இரண்டையும் மணலில் ஊன்றி, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி இழுத்தான். கயிறு கட்டியிருந்தது ஆள் மேல் இல்லை, வண்டி மேல். வண்டி குளிகாரன் காலின் மேலேயே நகர்ந்தது. இன்னொரு வெட்டு. மச்சான் இன்னும் வேகமாக இழுத்தான்.

"விடுலே! விட்டுரு! கால் மாட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். காற்றில் அவனுக்கு என்ன கேட்டதோ, நான் போய்க் கையைப் பிடிக்கும் வரை இழுத்துக்கொண்டிருந்தான். அதற்குள் வண்டி முழுக்க ஏறி இறங்கிவிட்டது. குளிகாரன் தலை மேலே வந்தது. இருமினான், மூச்சு விட்டான். தூக்கிக் கரையில் போட்டபோது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இழுக்காமல் விட்டிருந்தால் அவன் அங்கேயே மூச்சு முட்டிச் செத்திருப்பான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கலாம்.

அவனை என் வண்டியில் நடுவில் உட்கார வைத்து, மச்சான் பின்னால் கட்டிப் பிடித்துக்கொள்ள, அள வரப்பில் ஓட்டினேன். மற்ற இரண்டு வண்டிகளும் அங்கேயே கிடந்தன. ஒவ்வொரு குழியிலும் அவன் கத்தினான். பழையகாயல் பக்கம் தார் ரோடு வந்ததும் வண்டியை அதில் திருப்பினேன். அது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ரோட்டுல ஏறாத. அளத்து வழியாவே போ. லே, ஒன்னக் கும்பிடுதேன், ஏறாத."

"அவன் சொல்லுறதக் கேக்காத. நீ ஓட்டு" என்றான் மச்சான். அழுதுகொண்டிருந்தான்.

ஓட்டினேன். ஊர் வரும் வரை என் முதுகில் குத்திக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் சில நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயல்பட்டினத்து வியாபாரி ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் பேசினார். முன்னால் போன குழுவில் ஒருவனை எடுத்துக்கொண்டாராம். இன்னொரு இடம் இருக்கிறதாம். மச்சானைக் காட்டி, "இவன் எங்க ஊர் கடற்கரையில ஓட்டிப் போனத நான் நின்னு பாத்தேன். ரோட்டுல ஏறுனது ஆஸ்பத்திரிக்குத்தானே, அது கணக்கில்ல. வாரானா?" என்று கேட்டார்.

மச்சான் மறுத்துத் தலையை ஆட்டினான். அந்த ஊர்க்காரர்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. "மாட்டேன் காக்கா. அது மாப்ளைக்கு உள்ள எடம்."

வியாபாரி ரெண்டு நாளில் சொல்லுங்கள் என்று போய்விட்டார். அதுவரை ஓரமாகக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மச்சானின் தங்கை எழுந்து வந்தாள். கால் போன நாளிலிருந்து அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"போண்ணே" என்றாள்.

"ஏளா, நான் எப்படிப் போவேன்? இவனை இப்படிப் போட்டுட்டு..."

"நீ வேணும்னா செஞ்ச? அவரு வெட்டுனாரு, நீ இழுத்த. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தினமும் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால சோறு பொங்க முடியாது. போயிரு."

குளிகாரன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தான். "என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டான். நான் குனிந்து அவன் நல்ல காதில், "ஒன் மச்சானப் போகச் சொல்லுதா" என்றேன். அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"பாஸ்போட்டு போட்டோவுக்குன்னு ஒரு வெள்ளைச் சட்டை தச்சு வச்சேன். பெட்டியில கெடக்கு" என்றான் மனைவியிடம். "எடுத்து அவங்கிட்ட குடு."

ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் குளிகாரனை விடப் பெரிய உடம்பு, சட்டை தோளில் பிடித்தது. போட்டோக்காரர் தோளை இறக்கு, தோளை இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறக்கினால் தையல் விட்டுவிடும் என்று அவன் அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தான்.