நான் எழுதாமல் விட்ட வழி

அந்த முதியோர் குடியிருப்பு எழாமல் தடுத்தவன் நான்தான். தெருவே சேர்ந்து தடுத்தது என்று செங்கல்பட்டில் சொல்வார்கள். தெரு கையெழுத்துதான் போட்டது. எழுதியவன் நான்!

பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் தெருக்கோடியில் செல்வராணிக்கு அப்பா வழியில் வந்த மனை ஒன்று இருந்தது. செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயதானவர்களுக்காக அதில் இருபது சிறு வீடுகள் கட்ட நினைத்தார். எல்லாம் தரைத்தளம், சக்கர நாற்காலி நுழையும் கதவுகள், சின்ன ஓய்வூதியத்துக்குள் அடங்கும் வாடகை. அறுபது தாண்டியவருக்குக் கடன் இல்லை என்றன வங்கிகள். நாலு மாடி எழுப்பாமல் கட்டுப்படியாகாது என்றார்கள் கட்டுமானக்காரர்கள். அந்த அம்மாள் விடவில்லை. ஒருவழியாகப் பணத்துக்கு ஏற்பாடு செய்து, அனுமதிக்கு விண்ணப்பித்தார்.

அவரிடம் முதலில் பெயர் கொடுத்தவர் முருகேசன், பேருந்து ஓட்டுநராக இருந்தவர். மனைவி அலமேலுவுக்குப் பக்கவாதம்.

"கெயவன் கெயவிக்கு வூடு இல்லன்றான் சார் ஓனரு. இன்னாடானு கேட்டா, செத்தா வூட்ல வெச்சி எடுக்கணுமாம்!" என்று என் வாசலில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதே வாரம்தான் குடியிருப்புக்கு எதிரான அந்த மனுவை எழுதினேன்.

ஏன்? மனை விலை இறங்கிவிடும் என்று தெருக்காரர்கள் பயந்தார்கள். என் பயம் வேறு... என் மனைவி எட்டு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தாள். அந்த மருந்து வாசனை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. இனி ஜன்னலைத் திறந்தால் இருபது வீட்டுப் படுக்கைகளா? நாளைய என்னையே தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? முடியாது என்று தோன்றிற்று. இது ஒரு நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

விடியற்காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளந்தேன். கேட்டவர்களிடம் சாக்கடை வேலைக்கு என்றேன். 'தீயணைப்பு வண்டி நுழைய அகலம் போதாது' என்று மனுவில் சேர்த்தேன். நான் கையெழுத்திடவில்லை; எழுதியது யார் என்று வெளியே சொல்ல வேண்டாம் என்றும் தெருக்காரர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்...

அனுமதி தரும் அலுவலகம் தெரு அகலத்துக்கு விளக்கம் கேட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்வராணி என்னிடமே வந்தார்!

"பதில நீங்கதான் சார் எழுதணும். பின்னாடி தோப்புக்காரரு பெரிய வண்டி வர்ற அளவுக்கு வழி வுடறேன்னு ஒத்துக்கினாரு. அத மட்டும் மறக்காம எழுதிடுங்க."

இரண்டு பக்கம் எழுதினேன். முதுமையின் தனிமை, சமூகத்தின் கடமை, அன்பின் மேன்மை! எல்லாம் இருந்தன. அந்தப் பின்வழி மட்டும் இல்லை.

"ஒருதரம் படிச்சிப் பாருங்கம்மா" என்றேன். படித்துவிட வேண்டும் என்று ஒரு மனம் கெஞ்சியது, சத்தியமாகச் சொல்கிறேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நீங்க எழுதுனத நான் படிச்சிப் பாக்கணுமா சார்?" என்றார்.

அனுமதி மறுக்கப்பட்டது. "பின்வழிய அவங்க கண்டுக்கவே இல்லியே சார்!" என்று என் எதிரில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். உண்மையைக் கொடுக்கவில்லை. இன்னொரு முறை முயலலாம் என்பதற்குள் தோப்பு கைமாறிவிட்டது. புது ஆள் வழி விட மறுத்தார்.

முருகேசனுக்குப் பொத்தேரியில்தான் இடம் கிடைத்தது, கல்லூரி மாணவர்களுக்கு விடும் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஓர் அறை. மின்தூக்கி கிடையாது. வாடகை அவருக்கு எட்டியது. படிகள்தான் அலமேலுவுக்கு எட்டவில்லை.

நான் ஒருமுறை போனேன். ஜன்னல் அலமேலுவின் கட்டிலுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. "வெளிய மழையா சார்?" என்று குழறிக் கேட்டார். வெளியே நல்ல வெயில்... அதற்குப் பிறகு நான் போகவில்லை.

போன மாதம் முருகேசன் வந்தார். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்.

"ரெண்டு வருசமா கீய எறங்கல சார் அவ. நேத்துதான் எறங்கினா. நாலு பேரு தூக்கினு வந்தாங்க."

என் பேனா நின்றுவிட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கோசரம் அந்த நர்சம்மாவும் நீயும்தான் சார் அலைஞ்சீங்க. சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்தா."

கைகளை நான் இழுத்துக்கொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்ட நாலு வரியை எழுதிக் கொடுத்தேன்... நன்றாகவே வந்திருக்கிறது என்றார்கள்.