சுவரைப் பார்த்துச் சொன்ன சேதி

டெல்லியில் ஒரு தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும், "எந்தூரு?" என்று கேட்டுவிடுவேன். மெட்ரோ, காய்கறிக் கடை, ஆஸ்பத்திரி வரிசை என்று இடம் பொருள் பார்க்காத வாய் எனக்கு. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த வாயால்தான் ஒருமுறை, பிறக்காத ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடிவிட்டேன்.

பேங்கிலிருந்து ரிட்டயரான பிறகு, சனிக்கிழமைகளில் ஜனக்புரியிலிருந்து பஸ் பிடித்து, லாரிகள் நிற்கும் யார்டில் இருந்த சின்ன கிளினிக்குக்குப் போவேன். டிரைவர்களுக்கு அங்கே இலவசமாக எச்.ஐ.வி. டெஸ்ட் எடுப்பார்கள். நம் பக்கத்து டிரைவர்களுக்கு ஹிந்தி வராது, ரிசல்டைச் சொல்லி ஆலோசனை தரும் கவுன்சலருக்குத் தமிழ் வராது. நடுவில் நான். முதல் நாளே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "சொல்வதை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். சொந்தமாக ஒன்றும் கேட்காதீர்கள்."

அன்று நான் போனபோது, முப்பது வயது இருக்கும், ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரிசல்ட் கவுன்சலர் கையில். அவள் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் "வணக்கம்பா" என்றதும் அவனுக்கு உயிர் வந்தது.

"தமிழுங்களாம்மா? அப்பாடா!"

வாய் சும்மா இருந்ததா? "எந்தூருப்பா?"

"திருச்செங்கோட்டுப் பக்கமுங்க."

"அட, நம்மூரு! யாரு வீட்டுப் பையன் நீ?"

அவன் முகம் வெளிறிப்போனது. "லோடு ஏத்தோணுங்க" என்று எழுந்தவன், ரிசல்டைக் கேட்காமலே வெளியே போய்விட்டான்.

"என்ன கேட்டுத் தொலைத்தீர்கள்?" என்று கவுன்சலர் ஹிந்தியில் கத்தினாள். பதில் சொல்ல நிற்காமல், மூட்டு வலியையும் பார்க்காமல் ஓடினேன். லாரிகளுக்கு நடுவே அவன் கேபினில் ஏறிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஆட்கள், சத்தமாகப் பேச வழியில்லை.

"கேட்டது என் தப்பு சாமி. உள்ள வா."

"நம்மூருல ஒரு வாய்க்குத் தெரிஞ்சாப் போதுங்கம்மா. அவளுக்கு ஏழு மாசம். வர்ற வாரம் வளைகாப்பு. எனக்கு ஒண்ணும் தெரியவே வேண்டாமுங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவன் மேலா என் மேலா தெரியவில்லை. "ஏழு மாசமா? அப்பத் தெரிஞ்சே ஆகணும்டா! உனக்காக இல்லாட்டியும் அந்த வயித்துல இருக்குற உசுருக்காக!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பிறகு கேட்டான்: "என் மொகத்தப் பாக்காமச் சொல்லுவீங்களா?"

கிளினிக்குக்குத் திரும்பி வந்ததும், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஒரு பழைய காலண்டர். கவுன்சலர் சொல்லச் சொல்ல, அந்தக் காலண்டரிடம் தமிழில் சொன்னேன். இருக்கிறது. தினமும் மாத்திரை போட்டால் நன்றாக வாழலாம். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மனைவிக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அவளுக்கும் இருந்தால், உடனே மாத்திரை தொடங்கினால் குழந்தைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

பின்னாலிருந்து, "அவகிட்ட எப்பிடீங்க சொல்லுவேன்?" என்றான். ஊர் ஆஸ்பத்திரியிலும் கவுன்சலர் இருப்பார், கூட வைத்துக்கொண்டு சொல்லலாம் என்றாள் இவள். அதையும் சுவரிடம் சொன்னேன். அவன் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை திரும்பவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் நினைப்புத்தான். சொன்னானா, மறைத்தானா? யாரிடம் கேட்பேன்? பேர்கூடத் தெரியாது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ஏழெட்டு மாத வயிற்றோடு யார் எதிரே வந்தாலும் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆறு மாதம் போயிருக்கும். கிளினிக் வாசலில் "அம்மா" என்று குரல். அதே குரல். சட்டென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவன் உள்ளே வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து, என்னோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பினான். போனை நீட்டினான். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டோடு ஒரு குழந்தை.

"அவளுக்கும் இருந்துச்சுங்க. மாத்திரை போடுறா. கொழந்தைக்கு இல்லீங்கம்மா. இன்னும் ஒருக்காப் பாப்பாங்களாம்."

போனை வாங்கி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்:

"திருச்செங்கோட்டுல நீங்க யாரு வீடுங்கம்மா?"