கிழக்கே திரும்பிய சாக்கடை

நான் நகரசபையில் ஓவர்சீயராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு தெருவில் சாக்கடை கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. மழை பிடித்தால் தெருக் கழிவு முழுவதும் மேற்குக் கோடி வீடுகளுக்குள் புகுந்துவிடும். முந்தின வருஷம் அங்கே வாந்திபேதியில் மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள்.

மேற்கே இன்னும் தள்ளி விட்டால் ஊர் குடிக்கிற வாய்க்காலில் கலக்கும். கிழக்கே பார்த்தால் மேடு. ஆனால் மட்டம் பார்த்தபோது, மேட்டுக்கு அப்பாலுள்ள தரிசு மேற்குக் கோடியைவிட இரண்டடி பள்ளம் என்று தெரிந்தது. மேட்டை ஆழமாக வெட்டினால் போதும்.

அந்த மேட்டில்தான் நெல் வியாபாரி அண்ணாச்சியின் வீடு. வாசற்படியை உடைக்க வேண்டும்.

“என்னவே ஓவர்சீயரே, தண்ணி மேடேறி ஓடும்னு சொல்லுதீரா? எம் படிய ஒருத்தனும் தொடப்படாது” என்றார். தெருவே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

மறுநாள் மேற்குக் கோடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேதியில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

“நெசமாவே ஓடுமா ஐயா?”

“ஓடும்மா. ஓடலேன்னா இந்த வேலைய விட்டுட்டுப் போயிருதேன்.”

அவள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே அண்ணாச்சி வாசலுக்குப் போனாள்; நானும் பின்னாலேயே போனேன். “அண்ணாச்சி, ஒம்ம படிய ஒடச்சா திரும்பக் கட்டிக்கிடலாம். எம் புருசன யாரு திருப்பித் தருவா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, “ஒடைங்கவே” என்றார்.

மேட்டை வெட்டிச் சாக்கடை கட்டி முடித்து, காரை காய்ந்து நாலு நாள்கூட ஆகவில்லை, பெருமழை பிடித்துக்கொண்டது. குடையை எடுக்க மறந்து ஓடினேன். மேற்குக் கோடியில் தண்ணீர் அசையாமல் நின்றது. மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் மிதந்துகொண்டிருந்த ஒரு வைக்கோல் துரும்பு பையக் கிழக்கே திரும்பியது. அதன் பின்னால் குப்பையும் நுரையுமாக எல்லாம் நகர்ந்தது.

பெண்கள் கூவிக்கொண்டு தண்ணீர் கூடவே நடந்தார்கள். தண்ணீர் மேட்டைத் தாண்டியபோது அண்ணாச்சி மழைக்குள் இறங்கி நின்று கத்தினார்: “ஏ, ஓடுதுவே! கிழக்க ஓடுது!”

தரிசில் அது இரைந்து விழுந்த சத்தத்துக்கு ஈடாக நான் வேறொன்றும் கேட்டதில்லை.

“உள்ள வந்து பாரும் ஐயா” என்று அந்தப் பெண் மேற்குக் கோடியில் தன் வீட்டுக்கு என்னை அழைத்தாள். போனேன். அந்த வீட்டுத் தரையில் என் கால் ஈரத்தைத் தவிர வேறு ஈரம் இல்லை.